சிப்பாய் ராணியாகும் ஆட்டம்

2000-ஆம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசி. தில்லியில் குளிர் தொடங்கியிருந்தது. பல நாடுகளிலிருந்து ஆண்களும் பெண்களும் தில்லிக்கு வந்து இறங்கினார்கள். அவர்கள் சுற்றுலா வந்தவர்கள் அல்ல. சரக்கு வாங்க வந்தவர்களும் அல்ல. ஒரு விளையாட்டை ஆட வந்தவர்கள்.

அந்த விளையாட்டில் ஓட வேண்டியதில்லை. குதிக்க வேண்டியதில்லை. பந்து இல்லை, மட்டை இல்லை. எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். நடுவில் ஒரு பலகை. அதன் மேல் 32 காய்கள். மணிக்கணக்காகப் பேச்சே இல்லை. ஆனால் இரண்டு தலைகளுக்குள் பெரிய போர் நடக்கும்.

அதுதான் சதுரங்கம். ஆங்கிலத்தில் செஸ் என்கிறார்கள். தில்லியில் ஷத்ரஞ்ச் என்கிறார்கள்.

தில்லியில் நடந்தது உலகப் பட்டத்துக்கான போட்டி. ஃபிடே என்னும் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அதை நடத்தியது. தோற்றவர் வெளியேற வேண்டும். வென்றவர் அடுத்த சுற்றுக்குப் போக வேண்டும். தமிழ்நாட்டைச் சேர்ந்த விசுவநாதன் ஆனந்த் சுற்றுக்குச் சுற்று வென்றார். முந்தைய ஆண்டின் பட்டக்காரரான ரஷ்யாவின் காலிஃப்மன் அவரிடம் தோற்றார். இங்கிலாந்தின் மைக்கேல் ஆடம்ஸும் தோற்றார். இறுதிப் போட்டி மட்டும் ஈரான் நாட்டின் டெஹ்ரான் நகரில் நடந்தது. அங்கே ஆனந்த் அலெக்ஸி ஷிரோவை வென்றார். இந்தியர் ஒருவர் சதுரங்க உலகப் பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. பெண்களுக்கான உலகப் போட்டியும் அப்போது தில்லியிலேயே நடந்தது. அதில் சீனாவின் ஷி ஜுன் வென்றார்.

ஆனந்துக்கு முதன்முதலில் இந்த ஆட்டத்தைக் கற்றுக்கொடுத்தவர் யார் தெரியுமா? அவருடைய அம்மா. வீட்டில் உட்கார்ந்து, காயை எப்படி நகர்த்துவது என்று மகனுக்குச் சொல்லிக்கொடுத்தார். அப்போது ஆனந்துக்கு ஆறு வயது.

“அதெல்லாம் பெரிய படிப்புப் படித்தவர்கள் ஆடும் ஆட்டம். நமக்கு வராது” என்று பலர் நினைக்கிறார்கள். அது உண்மையா?

உண்மை இல்லை. நம் ஊர்த் திண்ணையில் ஆடுபுலி ஆட்டம் ஆடுவார்களே, அதை நினைத்துப் பாருங்கள். தரையில் கோடு போடுவார்கள். புளியங்கொட்டையும் கல்லும்தான் காய்கள். புலி ஆட்டை வெட்டப் பார்க்கும். ஆடுகள் சேர்ந்து புலியை மடக்கப் பார்க்கும். அதில் தாயக்கட்டை இல்லை. அதிர்ஷ்டத்துக்கு வேலை இல்லை. யோசனைக்குத்தான் வேலை. சதுரங்கமும் அப்படித்தான். ஆடுபுலி ஆடியவருக்குச் சதுரங்கம் அந்நியம் அல்ல.

ஆட்டம் பிறந்த இடம்

சதுரங்கம் நம் நாட்டில் பிறந்த ஆட்டம் என்பது பெரும்பாலான அறிஞர்களின் முடிவு. ஏறக்குறைய 1,400 ஆண்டுகளுக்கு முன்பே வட இந்தியாவில் இது ஆடப்பட்டது. ஹர்ஷர் என்ற அரசரின் வரலாற்றைப் பாணர் என்ற புலவர் ஏழாம் நூற்றாண்டில் எழுதினார். அதிலேயே சதுரங்கம் பற்றிய பேச்சு வருகிறது.

‘சதுர்’ என்றால் நான்கு. ‘அங்கம்’ என்றால் உறுப்பு. அந்தக் காலப் படைக்கு நான்கு உறுப்புகள். யானைப்படை, குதிரைப்படை, தேர்ப்படை, காலாட்படை. இந்த நான்கும் பலகை மேல் வந்து நின்றன. அதனால் சதுரங்கம் என்று பெயர் வந்தது.

இங்கிருந்து ஆட்டம் பாரசீகத்துக்குப் போனது. அதுதான் இன்றைய ஈரான். அங்கிருந்து அரபு நாடுகளுக்குப் போனது. பிறகு ஐரோப்பாவுக்குப் போனது. போகிற இடமெல்லாம் பெயர் கொஞ்சம் மாறியது. சட்டமும் கொஞ்சம் மாறியது. இன்று உலகம் முழுவதும் ஆடப்படும் சட்டம் ஐரோப்பாவில் உருவானது. அதாவது, இங்கே பிறந்த பிள்ளை ஊரெல்லாம் சுற்றி, உடை மாற்றிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறது.

பலகை

சதுரங்கப் பலகை சதுரமானது. மேலிருந்து கீழே எட்டு வரிசை. இடமிருந்து வலம் எட்டு வரிசை. எட்டெட்டு 64. ஆக மொத்தம் 64 கட்டங்கள். ஒரு கட்டம் வெள்ளை, அடுத்தது கறுப்பு. இப்படி மாறி மாறி வரும்.

பலகையை வைக்க ஒரு முறை உண்டு. ஆடுபவரின் வலது கைப் பக்கம், தனக்கு அருகில் உள்ள மூலைக் கட்டம் வெள்ளையாக இருக்க வேண்டும். இது இரண்டு பேருக்கும் பொருந்தும்.

கடையில் பலகை வாங்க முடியவில்லையா? கவலை இல்லை. ஒரு கெட்டி அட்டை போதும். அளவுகோலால் கோடு போடுங்கள். ஒன்று விட்டு ஒன்று கரியால் தீட்டுங்கள். பலகை தயார். சோடா மூடிகள் 32 சேருங்கள். அதன் மேல் காகிதம் ஒட்டுங்கள். காயின் பெயரில் ஓர் எழுத்தை எழுதுங்கள். யானைக்கு ‘யா’. குதிரைக்கு ‘கு’. மந்திரிக்கு ‘ம’. சிப்பாய்க்கு ‘சி’. ராணிக்கு ‘ணி’. ராஜாவுக்கு ‘ஜா’. ஒரு பக்கத்துக்கு நீல மை, மறு பக்கத்துக்குச் சிவப்பு மை. ஆட்டத்துக்குக் காயும் ஆச்சு. எழுதப் பழகியதும் ஆச்சு.

இரண்டு படைகள்

ஒருவருக்கு வெள்ளைக் காய்கள் 16. இன்னொருவருக்குக் கறுப்புக் காய்கள் 16. இரண்டு படைக்கும் பலம் சமம். ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு என்பது இல்லை.

ஒவ்வொரு படையிலும் ஒரு ராஜா, ஒரு ராணி, இரண்டு மந்திரி, இரண்டு குதிரை, இரண்டு யானை, எட்டுச் சிப்பாய்கள் உண்டு.

இவர்களை நிறுத்துவது எளிது. முதல் வரிசையின் இரண்டு மூலையிலும் யானைகள். யானைக்குப் பக்கத்தில் குதிரைகள். குதிரைக்குப் பக்கத்தில் மந்திரிகள். நடுவில் இரண்டு கட்டங்கள் மிச்சம் இருக்கும். அதில் ராணி தன் நிறத்துக் கட்டத்தில் நிற்பாள். வெள்ளை ராணிக்கு வெள்ளைக் கட்டம். கறுப்பு ராணிக்குக் கறுப்புக் கட்டம். மிச்சம் உள்ள கட்டம் ராஜாவுக்கு. இவர்களுக்கு முன்னால், இரண்டாம் வரிசை முழுவதும் எட்டுச் சிப்பாய்கள்.

தில்லியில் ஆடுபவர்கள் சொல்லும் பெயர்கள் கொஞ்சம் வேறு. யானை அங்கே ஹாத்தி. குதிரை கோடா. சிப்பாய் பியாதா. தமிழில் மந்திரி என்று சொல்லும் காய்க்கு அங்கே ஊண்ட், அதாவது ஒட்டகம். ராணியை அவர்கள் வஜீர் என்கிறார்கள். வஜீர் என்றால் மந்திரி!

ஏன் இந்தக் குழப்பம்? பழைய ஆட்டத்தில் ராணியே கிடையாது. ராஜாவின் பக்கத்தில் நின்றவர் மந்திரிதான். அவருக்குச் சாய்வாக ஒரே ஒரு கட்டம் போகத்தான் உரிமை. ஐரோப்பாவில் அந்த இடத்துக்கு ராணி வந்தாள். ஏறக்குறைய 500 ஆண்டுகளுக்கு முன் அவளுக்கு மிகப் பெரிய பலம் கிடைத்தது. பெயர் எதுவானாலும் ஆட்டம் ஒன்றுதான். தமிழர் ஒருவரும் பஞ்சாபி ஒருவரும் பாஷை தெரியாமலே எதிரெதிரே உட்கார்ந்து ஆடலாம்.

யார் எப்படிப் போவார்கள்?

வெள்ளைக் காய் வைத்திருப்பவர் முதலில் ஆட வேண்டும். பிறகு கறுப்பு. ஒரு முறைக்கு ஒரு காயைத்தான் நகர்த்தலாம். எதிரியின் காய் நிற்கும் கட்டத்துக்கு நம் காய் போக முடிந்தால், அந்தக் காயை வெட்டி வெளியே எடுக்கலாம். வெட்டிய காய் அந்த இடத்தில் நிற்கும். தன் சொந்தக் காய் நிற்கும் கட்டத்துக்குப் போக முடியாது.

யானை: நேராகப் போகும். முன்னே, பின்னே, இடது, வலது. எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகலாம். வழியில் காய் இருந்தால் தாண்ட முடியாது.

மந்திரி: சாய்வாக மட்டுமே போகும். எத்தனை கட்டம் வேண்டுமானாலும் போகலாம். வெள்ளைக் கட்டத்தில் தொடங்கிய மந்திரி கடைசி வரை வெள்ளைக் கட்டத்திலேயே இருக்கும். கறுப்புக் கட்டத்து மந்திரியும் அப்படியே.

ராணி: யானை போலவும் போவாள். மந்திரி போலவும் போவாள். பலகையிலேயே பலம் மிகுந்த காய் இவள்தான்.

குதிரை: இரண்டு கட்டம் நேராக, பிறகு ஒரு கட்டம் பக்கவாட்டில். அது போகும் வழி தமிழ் ‘ட’ எழுத்தைப் போல இருக்கும். மற்ற காய்களைத் தாண்டக்கூடிய காய் இது ஒன்றுதான். குதிரை அல்லவா? தாண்டத்தானே செய்யும்!

ராஜா: எந்தத் திசையிலும் போகலாம். ஆனால் ஒரே ஒரு கட்டம்தான். எதிரி வெட்டக்கூடிய கட்டத்துக்கு ராஜா போகக் கூடாது.

சிப்பாய்: முன்னால் மட்டுமே போகும். பின்னால் திரும்பாது. ஒரு முறைக்கு ஒரு கட்டம். முதல் முறை நகரும்போது மட்டும் விரும்பினால் இரண்டு கட்டம் போகலாம். ஆனால் வெட்டும்போது நேராக வெட்டாது. முன்னால் சாய்வாக உள்ள கட்டத்தில் நிற்கும் காயைத்தான் வெட்டும். நேர் எதிரே காய் நின்றால் சிப்பாய் அப்படியே நிற்க வேண்டும்.

சிப்பாய்தான் படையில் மிகச் சிறியவன். எளிதாக வெட்டுப்படுபவனும் அவன்தான். ஆனால் அவனுக்கு ஒரு சிறப்பு உண்டு. வேறு எந்தக் காய்க்கும் அது கிடையாது. ஒவ்வொரு அடியாக நடந்து, எதிரியின் கடைசி வரிசையைத் தொட்டுவிட்டால், அவன் சிப்பாயாக இருக்க வேண்டியதில்லை. அந்த இடத்திலேயே அவன் ராணியாக மாறலாம். யானையாகவோ, குதிரையாகவோ, மந்திரியாகவோ கூட மாறலாம். பெரும்பாலும் எல்லோரும் ராணியையே கேட்பார்கள்.

அதனால்தான் நன்றாக ஆடுகிறவர்கள் ஒரு சிப்பாயைக் கூட வீணாக இழக்க மாட்டார்கள்.

செக், செக்மேட்

இந்த ஆட்டத்தில் எல்லாக் காய்களையும் வெட்ட வேண்டும் என்பது இல்லை. ராஜாவைப் பிடிப்பதுதான் குறி.

எதிரியின் காய் ஒன்று ராஜாவை வெட்டும் நிலையில் வந்து நின்றால் அதற்குச் ‘செக்’ என்று பெயர். செக் வந்தால் உடனே தப்பிக்க வேண்டும். அதற்கு மூன்று வழி உண்டு. ஒன்று, ராஜா விலகிப் போகலாம். இரண்டு, நடுவில் ஒரு காயை வைத்து மறைக்கலாம். குதிரை கொடுக்கும் செக்கை மறைக்க முடியாது. மூன்று, செக் கொடுத்த காயையே வெட்டலாம்.

மூன்று வழியும் இல்லையா? அது ‘செக்மேட்’. ஆட்டம் முடிந்தது. ‘ஷா மாத்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து இந்தச் சொல் வந்தது. ‘ஷா’ என்றால் அரசர். அரசர் செய்வதறியாமல் சிக்கிக்கொண்டார் என்பது அதன் கருத்து.

வெற்றி தோல்வி இல்லாமலும் ஆட்டம் முடியலாம். ஒருவருடைய ராஜாவுக்குச் செக் இல்லை, ஆனால் அவர் ஆட வேண்டிய முறையில் எந்தக் காயையும் நகர்த்த வழி இல்லை என்றால் ஆட்டம் சமன். இதை ஸ்டேல்மேட் என்கிறார்கள். தோற்கும் நிலையில் இருப்பவர் கூட இப்படித் தப்பித்துவிடலாம். ஆகவே ஜெயிக்கிறோம் என்று அவசரப்படக் கூடாது.

ராஜாவைப் பாதுகாக்க ஒரு தனி ஏற்பாடும் உண்டு. அதைக் கோட்டை கட்டுவது என்பார்கள். ராஜா யானையை நோக்கி இரண்டு கட்டம் போவார். அந்த யானை ராஜாவைத் தாண்டி மறுபக்கம் பக்கத்தில் வந்து நிற்கும். ஒரே முறையில் இரண்டு காய் நகர்வது இந்த ஒரு இடத்தில்தான். அதுவரை அந்த ராஜாவும் அந்த யானையும் நகர்ந்திருக்கக் கூடாது. நடுவில் வேறு காய் இருக்கக் கூடாது. ராஜாவுக்குச் செக் இருக்கும்போது கோட்டை கட்ட முடியாது. ராஜா கடக்கும் கட்டத்திலும் போய் நிற்கும் கட்டத்திலும் எதிரியின் தாக்குதல் இருக்கக் கூடாது.

கட்டத்துக்கும் முகவரி உண்டு

வீட்டுக்கு முகவரி இருக்கிறது. தெருப் பெயர், கதவு எண் இரண்டும் தெரிந்தால் கடிதம் சரியாக வந்து சேரும். சதுரங்கக் கட்டத்துக்கும் அப்படி முகவரி உண்டு.

வெள்ளைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். இடமிருந்து வலமாக எட்டுத் தெருக்கள். அவற்றுக்கு ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று ஆங்கில எழுத்துகள் பெயர். கீழிருந்து மேலே 1 முதல் 8 வரை கதவு எண். வெள்ளை ராஜா நிற்கும் கட்டம் ‘ஈ1’. அதன் எதிரே கறுப்பு ராஜா நிற்கும் கட்டம் ‘ஈ8’.

இந்த எட்டு எழுத்தும் எட்டு எண்ணும் தெரிந்தால் போதும். ஓர் ஆட்டத்தை முதலிலிருந்து கடைசி வரை தாளில் எழுதிவிடலாம். தில்லியில் எழுதியதைச் சென்னையில் படிக்கலாம். நூறு ஆண்டுக்கு முன் நடந்த ஆட்டத்தை இன்று பலகையில் ஆடிப் பார்க்கலாம். ஆனந்த் எங்கே யோசித்தார், எதிரி எங்கே தவறினார் என்று கண்ணால் பார்க்கலாம். எழுத்து இல்லாவிட்டால் ஆட்டம் ஆடியவர்களோடு போய்விடும். எழுத்து வந்தால் அது எல்லோருக்கும் சொந்தம்.

நான்கே முறையில் தோல்வி

இப்போது ஒரு சிறிய ஆட்டத்தைப் படித்துப் பார்க்கலாம். காய்களை நிறுத்திக்கொண்டு, ஒவ்வொன்றாக நகர்த்திப் பாருங்கள்.

முதல் முறை: வெள்ளைச் சிப்பாய் ஈ2-லிருந்து ஈ4. கறுப்புச் சிப்பாய் ஈ7-லிருந்து ஈ5.

இரண்டாம் முறை: வெள்ளை மந்திரி எஃப்1-லிருந்து சி4. கறுப்புக் குதிரை பி8-லிருந்து சி6.

மூன்றாம் முறை: வெள்ளை ராணி டி1-லிருந்து எச்5. கறுப்புக் குதிரை ஜி8-லிருந்து எஃப்6.

கறுப்பு ஆடுபவர் ராணியை விரட்டுவதாக நினைத்தார். ஆனால் எஃப்7 கட்டத்தைக் கவனிக்கவில்லை. அங்கே நிற்கும் சிப்பாயை ராணியும் பார்க்கிறாள், மந்திரியும் பார்க்கிறார்.

நான்காம் முறை: வெள்ளை ராணி எஃப்7-இல் உள்ள சிப்பாயை வெட்டுகிறாள். செக்மேட்!

ஏன்? ராஜா ராணியை வெட்ட முடியாது. வெட்டினால் சி4-இல் உள்ள மந்திரியின் வாயில் விழுவார். டி8-இல் அவருடைய ராணியே வழியை அடைத்து நிற்கிறாள். எஃப்8-இல் அவருடைய மந்திரியே நிற்கிறார். ஈ7 காலியாக இருக்கிறது. ஆனால் அது வெள்ளை ராணியின் பிடியில் இருக்கிறது.

மூன்றாம் முறையில் கறுப்பு என்ன செய்திருக்க வேண்டும்? ஜி7-இல் உள்ள சிப்பாயை ஜி6-க்கு நகர்த்தியிருந்தால் போதும். ராணி போகும் வழி அடைபட்டிருக்கும். அந்தச் சிப்பாய்க்குப் பயந்து ராணி பின்வாங்க வேண்டி வரும். பலகையில் மிகப் பெரியவளை மிகச் சிறியவன் விரட்டியிருப்பான்.

புதிதாக ஆடுகிறவர்கள் பலர் இப்படித் தோற்றிருக்கிறார்கள். அதில் வெட்கம் இல்லை. ஒரு முறை தெரிந்துகொண்டால் மறுமுறை ஏமாற மாட்டார்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

காய்களுக்கு ஒரு மதிப்புக் கணக்கு உண்டு. சிப்பாய் 1. குதிரை 3. மந்திரி 3. யானை 5. ராணி 9. யானையைக் கொடுத்துக் குதிரையை வாங்கினால் நட்டம். ராஜாவுக்கு விலை இல்லை. ராஜா போனால் ஆட்டமே போனது.

எதிரி ஒரு காயை நகர்த்தியதும், “ஏன் இதைச் செய்தார்?” என்று கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் காயைத் தொடுங்கள். போட்டிகளில் ஒரு சட்டம் உண்டு. தொட்ட காயை நகர்த்தியே தீர வேண்டும். முதலில் யோசனை, பிறகு கை.

தொடக்கத்தில் நடுக் கட்டங்களைப் பிடியுங்கள். குதிரையையும் மந்திரியையும் சீக்கிரம் வெளியே கொண்டு வாருங்கள். ராஜாவுக்குக் கோட்டை கட்டுங்கள். ஒரே காயைத் திரும்பத் திரும்ப நகர்த்தாதீர்கள்.

சுல்தான் கான், ஃபாத்திமா

இந்த ஆட்டம் பெரிய இடத்துக்காரர்களுக்கு மட்டும்தானா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஒருவர் இருக்கிறார். அவர் பெயர் மீர் சுல்தான் கான்.

பிரிவினைக்கு முன், பஞ்சாபில் மிட்டா திவானா என்ற ஊரில் பிறந்தவர் அவர். இன்று அந்த ஊர் பாகிஸ்தானில் உள்ளது. சர் உமர் ஹயாத் கான் என்ற பெரிய நிலக்கிழாரின் ஆதரவில் அவர் இருந்தார். அவர் கற்றது பழைய இந்திய முறைச் சதுரங்கம். அதில் சிப்பாய் முதல் முறையிலும் ஒரு கட்டம்தான் போகும். இன்றைய முறையில் கோட்டை கட்டுவதும் கிடையாது.

1928-இல் அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் வென்றார். மறு ஆண்டு உமர் ஹயாத் கான் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துப் போனார். புது நாடு, புரியாத பாஷை, பழகாத குளிர். ஐரோப்பியச் சட்டமும் அவருக்குப் புதிது. ஆனால் போன அதே 1929-ஆம் ஆண்டில் அவர் பிரிட்டன் நாட்டின் சாம்பியன் ஆனார்! 1932-இலும் 1933-இலும் மறுபடி வென்றார். முன்னாள் உலகச் சாம்பியனான கியூபா நாட்டின் காபபிளாங்காவையே ஓர் ஆட்டத்தில் தோற்கடித்தார்.

அதே 1933-இல் பிரிட்டனின் பெண்கள் சாம்பியன் ஆனவரும் ஓர் இந்தியர்தான். அவர் பெயர் ஃபாத்திமா. உமர் ஹயாத் கானின் வீட்டில் வேலை செய்த பெண் அவர். அந்தக் காலத்தில் இந்தியாவை ஆண்டவர்கள் ஆங்கிலேயர்கள். அவர்களுடைய ஊரிலேயே, ஒரே ஆண்டில், ஆண்கள் பட்டமும் பெண்கள் பட்டமும் ஒரே வீட்டிலிருந்து போன இரண்டு இந்தியர்களுக்குக் கிடைத்தன.

அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? 1933-இன் இறுதியில் உமர் ஹயாத் கான் இந்தியா திரும்பினார். சுல்தான் கானும் திரும்ப வேண்டியிருந்தது. உலகப் போட்டிகளில் அவர் மறுபடி ஆடவில்லை. சொந்த ஊர்ப் பக்கம் விவசாயம் பார்த்தார். 1966-இல் காலமானார். ஃபாத்திமாவின் பெயரும் போட்டிகளில் மறுபடி வரவில்லை. திறமை அவர்களிடம் இருந்தது. போய் வரும் வழி இன்னொருவர் கையில் இருந்தது.

2024-ஆம் ஆண்டில் ஃபிடே சுல்தான் கானுக்குக் கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் கொடுத்தது. சதுரங்கத்தில் மிக உயர்ந்த ஆட்டக்காரர்களுக்குக் கிடைக்கும் பட்டம் அது. அவர் இறந்து 58 ஆண்டுகள் கழித்து அது வந்தது. அவருடைய ஆட்டங்கள் எழுதி வைக்கப்பட்டிருந்தன. அவற்றை இன்றும் எடுத்து ஆடிப் பார்க்கலாம். அந்தத் தாள்கள்தான் அவருக்குச் சாட்சி.

இன்று வழி திறந்திருக்கிறது

சுல்தான் கான் காலத்தில் வழி ஒருவர் தயவில் இருந்தது. இன்று பள்ளிகளில் சதுரங்கம் உண்டு. ஊர்தோறும் போட்டிகள் உண்டு.

தில்லிச் சிறுவன் பரிமார்ஜன் நேகி 2006-இல், 13 வயதில், கிராண்ட்மாஸ்டர் ஆனார். தில்லியைச் சேர்ந்த தானியா சச்தேவ், 2024-இல் ஹங்கேரியில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணியில் இருந்தார். அந்த ஆண்டு இந்திய ஆண்கள் அணியும் தங்கம் வென்றது.

2022 ஜூன் 19 அன்று சதுரங்க ஒலிம்பியாடின் சுடர் முதன்முதலாக ஏற்றப்பட்டது. ஏற்றிய இடம் தில்லியின் இந்திரா காந்தி விளையாட்டரங்கம். அந்தச் சுடர் 75 ஊர்களைச் சுற்றித் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு வந்தது. அங்கே 180-க்கும் மேற்பட்ட நாடுகளின் அணிகள் ஆடின. 2024 டிசம்பரில் சென்னையைச் சேர்ந்த குகேஷ், 18 வயதில், சிங்கப்பூரில் உலகச் சாம்பியன் ஆனார்.

கண் பார்வை இல்லாதவர்களும் இந்த ஆட்டத்தை ஆடுகிறார்கள். அவர்களுக்கெனத் தனிப் பலகை உண்டு. கறுப்புக் கட்டங்கள் கொஞ்சம் மேடாக இருக்கும். காய்களைச் செருகத் துளைகள் இருக்கும். விரலால் தடவியே முழுப் போரையும் மனத்தில் பார்த்துவிடுவார்கள்.

ஆடிப் பாருங்கள்

முதல் நாளே எல்லாக் காய்களையும் வைத்து ஆட வேண்டாம். முதலில் எட்டுச் சிப்பாய்களை மட்டும் இரண்டு பக்கமும் நிறுத்துங்கள். யாருடைய சிப்பாய் முதலில் கடைசி வரிசையைத் தொடுகிறதோ அவருக்கு வெற்றி. இரண்டு மூன்று நாள் இப்படி ஆடுங்கள். பிறகு யானையைச் சேருங்கள். பிறகு மந்திரி, குதிரை. கடைசியில் ராஜாவும் ராணியும்.

வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு ஆடுங்கள். அவர்கள் ஜெயித்தால் மகிழுங்கள். ஆட்டத்தைத் தாளில் எழுதி வையுங்கள். எந்த இடத்தில் தவறு நடந்தது என்று மறுநாள் இருவரும் சேர்ந்து பாருங்கள்.

சிப்பாய்க்கு வேகம் இல்லை. பலம் இல்லை. பின்னால் திரும்பும் வழியும் இல்லை. ஆனாலும் ஓர் அடி, இன்னோர் அடி என்று அவன் போய்க்கொண்டே இருக்கிறான். முதல் முறை இரண்டு கட்டம் போன சிப்பாய்க்கு இன்னும் நான்கு அடிதான் மிச்சம். பலகையை எண்ணிப் பாருங்கள்.